கீமோ முடிந்தது, மனசுக்கும் சிகிச்சை எடுத்தாயிற்று. வேலைக்கு எப்போது போவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு லிம்போமா வந்து ஆறு சுற்று கீமோ எடுத்தேன். அதற்கு நடுவில் தொடங்கி, முடிந்த பிறகும் வெகுநாள் மனச்சோர்வுக்கு மாத்திரையும் ஆலோசனையும் ஓடின. பிறகு வேலைக்குத் திரும்பினேன். அதிலிருந்து யாருக்கு இந்த நோய் என்றாலும் என் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் அப்படியேதான் இருக்கின்றன. அதனால் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதி வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் மருந்துச்சீட்டை மாற்ற இதைப் பயன்படுத்தாதீர்கள். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

லிம்போமான்னா ரத்தப் புற்றுநோயா, கட்டியா? ஒவ்வொருத்தர் ஒண்ணு சொல்றாங்க.

இரண்டும் சரிதான். லிம்போசைட் என்ற வெள்ளை அணுவில் தொடங்குவதால் ரத்தப் புற்றுநோய்க் குடும்பம். அந்த அணுக்கள் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கூடு என நிணநீர் முடிச்சுகளில் சேர்ந்து வீங்குவதால் கண்ணுக்குக் கட்டி. 1832-ல் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த வகைக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. மற்றதெல்லாம் 'நான்-ஹாட்ஜ்கின்' என்ற ஒரே மூட்டைக்குள். அந்த மூட்டைக்குள் பல டஜன் உட்பிரிவுகள் இருக்கின்றன. சில வாரக்கணக்கில் வளரும், சில பத்து வருடம் சும்மா கிடக்கும்.

ஆகவே முதல் வேலை, பயாப்சி அறிக்கையில் இருக்கும் முழுப் பெயரை ஒரு தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்வது. 'லிம்போமா' என்று மட்டும் சொல்லிக் கேட்கும் எந்தக் கேள்விக்கும் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

நாலாவது ஸ்டேஜ்னு சொல்லிட்டாங்க அண்ணா. அப்போ அவ்வளவுதானா?

இல்லை. இந்தக் கேள்வியோடு ராத்திரி பதினொரு மணிக்கு அழைப்பவர்கள்தான் அதிகம். மற்ற பல புற்றுநோய்களில் நான்காம் நிலை என்றால் வரும் அர்த்தத்தை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். இங்கே நிலை என்பது பரவலின் வரைபடம். ஒரு பகுதி முடிச்சுகளில் மட்டும் என்றால் 1. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்கு ஒரே பக்கத்தில் பல பகுதிகள் என்றால் 2, இரண்டு பக்கமும் என்றால் 3. எலும்பு மஜ்ஜை, கல்லீரல் மாதிரி உறுப்புகளுக்குள் பரவியிருந்தால் 4. லிம்போசைட் பிறந்ததிலிருந்தே உடம்பெல்லாம் சுற்றும் அணு. கீமோவும் ரத்தத்தோடு உடம்பெல்லாம் போகிறது. அதனால் நான்காம் நிலையிலும் முழு குணத்தைக் குறிவைத்தே சிகிச்சை தொடங்கும் வகைகள் உண்டு.

வேகமாக வளரும் வகைகளில் டாக்டர்கள் ஸ்டேஜை மட்டும் பார்ப்பதில்லை. வயது 60-க்கு மேலா, ரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதி கூடியிருக்கிறதா, எழுந்து நடமாட முடிகிறதா, முடிச்சுக்கு வெளியே எத்தனை இடத்தில் இருக்கிறது என்பவற்றையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுவார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கீமோ எத்தனை பெர்சென்ட் வேலை செய்யும்? நேரா சொல்லுங்க.

நேராகவே சொல்கிறேன், ஆனால் வகைவாரியாக. ஹாட்ஜ்கினில், ஆரம்ப நிலையில் பிடிபட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். முற்றிய நிலையிலும் பெரும்பாலோர் குணமாகிறார்கள். நான்-ஹாட்ஜ்கினில் அதிகம் காணப்படும் பரவலான பெரிய பி-செல் வகையில், ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டால் ஏறத்தாழ பத்துக்கு ஆறு பேர் முழுக் குணம். ஃபாலிகுலர் வகை வேறு ஜாதி. அது பொதுவாக முழுசாக வேரோடு போவதில்லை, ஆனால் மெதுவானது. பலர் அதோடு பல வருடம் வாழ்கிறார்கள். அறிகுறி இல்லாவிட்டால் மருந்தே தராமல் கவனித்து வருவதும் அங்கே ஒரு சிகிச்சைமுறைதான், கைவிட்டதாக அர்த்தமில்லை.

இந்த எண்கள் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துக் கணக்கிட்டவை. உங்களுக்கு அறுபது சதவீதம் குணம் என்று ஒன்று கிடையாது. நடுவில் எடுக்கும் ஸ்கேன்தான் உங்கள் எண்ணை மெல்லச் சொல்லத் தொடங்கும்.

ஏபிவிடி, ஆர்-சாப்னு பேசிக்கிறாங்க. என்ன அது?

மருந்துகளின் முதலெழுத்துகள், சில இடங்களில் அவற்றின் பழைய பெயர் அல்லது வணிகப் பெயரின் முதலெழுத்துகள். ஏபிவிடி ஹாட்ஜ்கினுக்கு: டாக்சோரூபிசின், பிளியோமைசின், வின்பிளாஸ்டின், டகார்பசின். 28 நாள் சுற்று, 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் ஊசி. 1970-களில் இத்தாலியின் மிலன் நகரில் ஜான்னி போனதோன்னா குழு உருவாக்கியது. ஆர்-சாப் என்பது ரிட்டுக்சிமாப், சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின், அதோடு ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை. வழக்கமாக 21 நாளுக்கு ஒரு சுற்று. டாக்சோரூபிசின் சிவப்பாக இருக்கும், அன்று சிறுநீரும் சிவக்கும், பயப்படாதீர்கள். அது இதயத்தைத் தொடக்கூடியது என்பதால் ஆரம்பத்திலேயே எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள், வாழ்நாளுக்கு இவ்வளவுதான் என்று அளவும் உண்டு.

'வின்' என்று தொடங்கும் இரண்டும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தவை. அந்த இலைச்சாறு சர்க்கரை நோய்க்கு நல்லது என்று கேள்விப்பட்டு 1950-களில் கனடாவில் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணு இறங்கியது. அங்கிருந்து பிறந்த மருந்து. இதைச் சொன்னதும் ஒருவர் வீட்டுச் செடியின் இலையை அரைக்கப் போய்விட்டார். தயவுசெய்து வேண்டாம், அது விஷச்செடி.

நடுவுல எடுத்த பெட் ஸ்கேன்ல 'டோவில் 3'ன்னு வந்திருக்கு. நல்லதா, கெட்டதா?

பெரும்பாலும் நல்லது. டோவில் பிரான்சில் ஒரு கடற்கரை ஊர். 2009-ல் அங்கே கூடிய மருத்துவர்கள் போட்ட அளவுகோல் என்பதால் அந்தப் பெயர். கதிரியக்கச் சர்க்கரை ஊசி போட்டு எடுக்கும் இந்த ஸ்கேனில், கட்டி இருந்த இடம் எவ்வளவு ஒளிர்கிறது என்பதைக் கல்லீரலின் ஒளிர்வோடு ஒப்பிடுவார்கள். 1, 2, 3 என்றால் கல்லீரலைத் தாண்டவில்லை. வழக்கமான சிகிச்சையில் இதை முழுப் பலன் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். 4-ம் 5-ம்தான் அடுத்து என்ன என்று உட்கார்ந்து பேசவேண்டியவை.

'கட்டி இன்னும் 2 சென்டிமீட்டர் இருக்குன்னு போட்டிருக்கே' என்று அடுத்த கேள்வி வரும். ஒளிரவில்லை என்றால் அது பெரும்பாலும் தழும்புத் திசு.

முடி கொட்டும், வாந்தி வரும்னு தெரியும். யாரும் சொல்லாதது என்ன?

ஸ்டீராய்டு. ஆர்-சாப்பில் ஐந்து நாள், பெரும்பாலும் தினம் 100 மில்லிகிராம். அந்த ஐந்து நாளும் தூக்கமில்லாமல் விடியற்காலை மூன்று மணிக்கு நான் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டது போல ஆகிவிடும். காரணமே இல்லாமல் அழுகை, எரிச்சல், 'எதுக்கு இதெல்லாம்' என்ற எண்ணம். மூன்றாவது சுற்றில்தான் அது தேதி வைத்து வருகிறது என்று கண்டுபிடித்தேன். காலையிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டால் தூக்கம் ஓரளவு தப்பும். ஏற்கெனவே மனநலப் பிரச்சினை இருந்தவர்கள் இதை முதல் சுற்றுக்கு முன்பே இரண்டு டாக்டர்களிடமும் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு ஸ்டீராய்டால் மனநிலை அளவு மீறி உச்சத்துக்கும் போகும்.

இன்னொன்று விரல் நுனி. வின்கிரிஸ்டின் நரம்பைத் தொடும். சட்டையின் மேல் பொத்தானைப் போட எனக்கு நான்கு நிமிடம் ஆனது. பொத்தான் விரலுக்குள் இருப்பதே தெரியவில்லை, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். மெதுவாகத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். தட்டச்சு, நுண்கருவி என்று விரலை நம்பிப் பிழைப்பவர்கள் இதை வேலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இருக்கிறது கீமோ களைப்பா, டிப்ரஷனா? எப்படிப் பிரிச்சுப் பாக்கறது?

களைப்பு, தூக்கம், பசி மூன்றும் இரண்டிலும் கெடும். அதனால் அவற்றை வைத்துப் பிரிக்க முடியாது. எனக்கு மனநல டாக்டர் கேட்ட கேள்வி இது: 'உடம்புல தெம்பு இருந்தா செய்யணும்னு ஆசையா இருக்கிற விஷயம் ஏதாவது சொல்லுங்க.' களைப்பு மட்டும் இருப்பவருக்குப் பட்டியல் நீளும். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆசையே வற்றிப்போவது, 'எல்லாருக்கும் பாரம்' என்ற குற்றவுணர்வு, நம்பிக்கையின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் அது களைப்பு மட்டும் இல்லை.

பி.எச்.க்யூ-9 என்று ஒன்பது கேள்வித் தாள் உண்டு. 27-க்கு 10-ம் அதற்கு மேலும் வந்தால் டாக்டர் மேற்கொண்டு விசாரிப்பார். கூடவே ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், குறிப்பாகக் கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, பக்கத்தில் இருப்பவரிடமும் மருத்துவமனையிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கீமோ ஓடும்போதே மனசுக்கு மாத்திரை சாப்பிடலாமா? ரெண்டும் மோதாதா?

பெரும்பாலானவை மோதாது, நானே சாப்பிட்டேன். ஆனால் சிலது மோதும், அந்தச் சிலதைத் தெரிந்து வைத்திருப்பது உயிர் விஷயம். ஹாட்ஜ்கினுக்குத் தரும் சில கூட்டு மருந்துகளில் இருக்கும் புரோகார்பசின், மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் அளவுமீறிப் போகலாம். வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரும் கார்பமசெப்பின், வின்கிரிஸ்டினை உடம்பில் சீக்கிரம் கரைத்துவிடும். மனநிலையைச் சீராக வைக்க லித்தியம் எடுப்பவருக்கு வாந்தியில் நீர்ச்சத்து குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஆபத்தாக ஏறும். மனச்சிதைவுக்குத் தரும் குளோசபினும் கீமோவும் இரண்டுமே வெள்ளை அணுவைக் குறைக்கக்கூடியவை. வாந்தி நிறுத்தும் ஆண்டான்செட்ரானும் மனச்சோர்வு மாத்திரையான எஸ்சிட்டலோப்ராமும் சேர்ந்தால் சிலருக்கு இசிஜி பார்ப்பார்கள்.

இதற்காகப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்துவதுதான் மிகப் பெரிய தவறு. இரண்டு டாக்டரும் ஒருவர் சீட்டை மற்றவர் பார்த்திருக்கிறார்களா என்று மட்டும் உறுதிப்படுத்துங்கள். பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். என் விஷயத்தில் பார்த்திருக்கவில்லை. தாளை நான்தான் கையில் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் போனேன்.

எல்லாம் நல்லபடியா முடிஞ்ச பிறகுதான் எனக்கு அழுகையா வருது. ஸ்கேன் சுத்தம்னு சொன்ன அன்னைக்குக்கூட சந்தோஷம் வரல. நான் நன்றி கெட்டவனா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். சிகிச்சை ஓடும்போது தேதி இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார், யாராவது ரத்தம் எடுக்கிறார்கள். எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியும். கடைசி ஊசி முடிந்ததும் 'மூணு மாசம் கழிச்சு வாங்க' என்று அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் எல்லாரும் மூச்சு விட்டுவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்புகிறார்கள். அதுவரை பயப்பட நேரமில்லாமல் இருந்த மனசுக்கு அப்போதுதான் நேரம் கிடைக்கிறது. எனக்குக் கீமோ நாட்களைவிட, முடிந்த பிறகு நான்காவது மாதம்தான் மோசம்.

சுத்தமான ஸ்கேனும் வேலைக்குத் தயாரான ஆளும் ஒரே நாளில் வருவதில்லை. உடம்புக்கு ஒரு தேதி, மனசுக்கு வேறொரு தேதி. பின்னது எந்த அறிக்கையிலும் அச்சாகி வராது. சுற்றியிருப்பவர்கள் முதல் தேதியை வைத்தே உங்களை அளப்பார்கள். நீங்களும் அதையே செய்யாதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் மேலே களைப்பையும் டிப்ரஷனையும் பிரித்துச் சொன்ன இடத்துக்குத் திரும்பப் போய்ப் படியுங்கள்.

கடைசி கீமோவுக்கு அடுத்த வாரமே வேலைக்குப் போகலாமா?

அந்த வாரத்தை விடுங்கள். ஊசிக்குப் பிறகு சுமார் 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள்வரை வெள்ளை அணு அடிமட்டத்தில் இருக்கும். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே அவசர சிகிச்சைக்குப் போகவேண்டிய காலம் அது. ரிட்டுக்சிமாப் எடுத்தவர்களுக்கு நோய் எதிர்ப்பு அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் மந்தமாகவே இருக்கும், தடுப்பூசிகூடச் சரியாகப் பிடிக்காது. கூட்டத்தில் வேலை என்றால் இதை டாக்டரிடம் கேட்டே தேதி வையுங்கள்.

எண்ணிக்கை ஏறியபின் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். வேலைநாள் போலவே எழுந்து, கிளம்பி, உங்கள் வேலையை ஒத்த ஏதாவதோடு இரண்டு மணி நேரம் உட்காருங்கள். அன்றைக்கு எப்படி இருந்தது என்பது முக்கியமில்லை. மறுநாள் காலை எப்படி எழுந்தீர்கள் என்று குறித்து வையுங்கள். இரண்டு வாரக் குறிப்பை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். களைப்புக்கு ஓய்வு மட்டும் மருந்தில்லை. ஆராய்ச்சிகளில் நன்றாக நிரூபணமானது மிதமான நடையும் உடற்பயிற்சியும்தான்.

படிச்சதே மனசுல நிக்கல. மூளை மழுங்கிடுச்சா?

மழுங்கவில்லை, மெதுவாகியிருக்கிறது. கீமோ மூட்டம் என்று சொல்லிக்கொள்வோம். கீமோ, மனச்சோர்வு, தூக்கக்குறைவு, கவலை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. திரும்பிய முதல் நாள் ஒரு மின்னஞ்சலை ஐந்து முறை படித்தேன். நான்கே வரி. கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி போய்விடும். கடைசியில் பிரிண்ட் எடுத்து, அடிக்கோடு போட்டு, பக்கத்தில் பதிலைக் கையால் எழுதிப் பிறகு தட்டச்சு செய்தேன். பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் தெளிகிறது. அதுவரை ஒரு நேரத்தில் ஒரு வேலை, எல்லாமே எழுத்தில், கடினமானது காலையில்.

கேன்சர்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். மனசுக்கு மருந்து சாப்பிடறதையும் சொல்லணுமா?

கேன்சர் என்றால் பூங்கொத்து வருகிறது, மனச்சோர்வு என்றால் மேசையை மாற்றி உட்காருகிறார்கள். இது அநியாயம். ஆனால் இருக்கிற உலகத்தில்தான் திரும்பிப் போகிறோம். என் கருத்து: நோயின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை, தேவையைச் சொல்லுங்கள். 'ஆறு வாரம் அரைநாள், இரவுப் பணி வேண்டாம், வியாழன் மதியம் சிகிச்சைக்குப் போகணும்' என்று டாக்டர் கடிதம் இருந்தால் போதும். எந்தச் சிகிச்சை என்று அதில் எழுத வேண்டியதில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் முழுசாகச் சொல்லி வைப்பது வேறு, அது நல்லதும்கூட.

ஒரு விதிவிலக்கு உண்டு. வாகனம், உயரம், கனரக இயந்திரம், அடுத்தவர் உயிர் சம்பந்தப்பட்ட வேலை என்றால், தூக்கம் தரும் மாத்திரையை மறைக்கக் கூடாது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, வேலையிடத்தில் நியாயமான வசதி செய்து தருவதை உரிமையாகச் சொல்கிறது. நீண்டகால மனநலக் குறைபாடும் அதன் வரம்புக்குள் வருகிறது. உங்கள் நாட்டுச் சட்டம் அதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது என்று விசாரியுங்கள். எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள்.

மேனேஜர் 'வந்தா முழுசா வா, இல்லன்னா வராதே'ங்கறார். என்ன பண்றது?

அவருக்குத் தேவை முடிவுத் தேதி. 'கொஞ்ச நாள் குறைவா வேலை' என்றால் யாருக்கும் பயம்தான். 'முதல் இரண்டு வாரம் மூன்று அரைநாள், அடுத்த இரண்டு வாரம் ஐந்து அரைநாள், நான்காவது வாரக் கடைசியில் உட்கார்ந்து பேசுவோம்' என்று தாளில் வைத்தால் பாதி எதிர்ப்பு அடங்கும். வேலையிடத்து மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், மனநலக் காரணத்தால் விடுப்பில் இருப்பவருக்கு மருத்துவத்தோடு வேலையிடத்து ஏற்பாட்டையும் சேர்த்துச் செய்வதைப் பரிசீலிக்கச் சொல்கிறது. அதைக் கடிதத்தில் குறிப்பிடலாம்.

நான் இதைச் செய்யவில்லை. வீறாப்பில் திங்கட்கிழமையே முழு நேரம் என்று ஒத்துக்கொண்டேன். ஐந்து வாரம் எல்லாரும் பாராட்டினார்கள். ஆறாவது வாரம் கார் நிறுத்துமிடத்தில் காரைவிட்டு இறங்க முடியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், பிறகு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மறுபடி ஐந்து வாரம் விடுப்பு.

வேலைக்குப் போயாச்சு, தெம்பா இருக்கேன். மாத்திரையை நிறுத்திடலாமா?

தெம்பு மாத்திரையால் வந்திருக்கலாம். மனச்சோர்வு தணிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். முன்பே வந்துபோனவர்களுக்கு இன்னும் நீளும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், கெட்ட கனவு, மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு என்று வரும். நிறுத்துவதானால் டாக்டர் சொல்லி மெல்லக் குறைக்கவேண்டும். வேலைக்குத் திரும்பிய அதே மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

'பார்த்தா நல்லாத்தானே இருக்கே'ன்னு சொல்றாங்க. கோபம் வருது.

எனக்கும் வந்தது. 'ஆமா, பார்க்க நல்லாருக்கேன், மூணு மணிக்கு மேல பேட்டரி தீர்ந்துடும்' என்று சொல்லப் பழகினேன். அதற்குமேல் விளக்கவேண்டிய கடன் யாருக்கும் இல்லை.

திரும்ப வந்துட்டா?

பெரிய பி-செல் வகையில் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்தில் வரும். அதைத் தாண்டியவர்களின் ஆயுள் அதே வயதுப் பொதுமக்களின் ஆயுளை நெருங்குகிறது. திரும்பினாலும் கதவு மூடுவதில்லை. வேறு கீமோ, சொந்த ஸ்டெம்செல் மாற்று, நம் நோய் எதிர்ப்பு அணுக்களையே எடுத்து மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும், 2017-ல் அமெரிக்காவில் இந்த வகைக்கு அனுமதி பெற்ற கார்-டி செல் சிகிச்சை என்று அடுத்தடுத்த வழிகள் உண்டு. அவற்றாலும் குணமானவர்கள் இருக்கிறார்கள். அறிகுறி இல்லாதவருக்கு அடிக்கடி ஸ்கேன் எடுப்பதில் லாபமில்லை என்பதால் டாக்டர் எடுக்காமல் விட்டால் அலட்சியம் என்று நினைக்காதீர்கள். புதுக் கட்டி, காரணமில்லாத காய்ச்சல், உடையை நனைக்கும் இரவு வியர்வை, எடை இழப்பு ஆகியவற்றுக்கு மட்டும் காத்திருக்காமல் போங்கள்.

பரிசோதனை வாரத்தில் வேலை ஓடாது. முடிவு வரும் நாளுக்கும் முந்தின நாளுக்கும் முன்கூட்டியே விடுப்பு போட்டுவிடுகிறேன். அந்த இரண்டு நாளில் முக்கியமான கூட்டம் எதையும் ஒத்துக்கொள்வதில்லை.

புது வேலைக்கு இன்டர்வியூ. நடுவுல ஒன்றரை வருஷம் காலி. கேட்டா என்ன சொல்ல?

'உடல்நலக் காரணமா விடுப்பில் இருந்தேன், சிகிச்சை முடிஞ்சது, வேலை செய்யலாம்னு டாக்டர் கடிதம் கொடுத்திருக்கார்.' இவ்வளவுதான். இதை வீட்டில் கண்ணாடி முன்னால் சத்தமாகப் பத்து தடவை சொல்லிப் பாருங்கள். முதல் மூன்று தடவை குரல் நடுங்கும். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். மௌனத்தை நிரப்ப நாமே மீதியைச் சொல்லத் தொடங்கிவிடுவோம். சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். அதற்குள் அவர்கள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள்.